சுக்கான் கம்பியும் கசிவும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 70 சென்ரிமீற்றர் நீளமான பைபர் றிமோட் படகு வைத்திருக்கிறேன். சேர்வோவிலிருந்து (சுக்கானைத் திருப்பும் சிறு மோட்டர்) வரும் கம்பி பின்பலகையைத் துளைத்து வெளியே சுக்கானுக்குப் போகிறது. துளையில் போட்ட மடிப்பு இறப்பர் உறை இரண்டு முறை கிழிந்துவிட்டது. சிலிக்கன் பூசியும் தண்ணீர் வருகிறது. தரமான உறை எது? – கொக்குவில் வாசகர்

பதில்: எந்த உறையைப் போட்டாலும் இதுதான் நடக்கும். கம்பி எவ்வளவு தூரம் ஓடுகிறது, எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று முதலில் பாருங்கள். நேராகவும் அளவாகவும் ஓடும் கம்பியில் சாதாரண உறையே நீண்ட காலம் தாங்கும்.

சுக்கான் கையில் (சுக்கான் அச்சில் பூட்டிய சிறு நெம்பு), அச்சின் நடுவிலிருந்து கம்பித் துளை 12 மி.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வைப்போம். சுக்கான் பக்கத்துக்கு 30 பாகை திரும்பினால் போதும். 35ஐத் தாண்டினால் அது படகைத் திருப்புவதைவிட மறிப்பதுதான் கூட. 30 பாகைக்குக் கம்பி முன்னும் பின்னும் 6 மி.மீ. ஓடவேண்டும். சேர்வோ பொதுவாகப் பக்கத்துக்கு 45 பாகை சுற்றும். அதன் கையில் நடுவிலிருந்து 8.5 மி.மீ. தள்ளியுள்ள துளையில் கம்பியை மாட்டினால் அந்த 6 மி.மீ. கிடைத்துவிடும். பலர் மாட்டுவது கடைசித் துளையில். அது 17 மி.மீ. என்றால் கம்பி 12 மி.மீ. ஓடி, உறையை இழுத்துக் கிழிக்கும். றிமோட்டில் ஓட்டத்தைப் பாதியாக்கிச் சமாளிக்கலாம்தான். ஆனால் உள்துளையில் மாட்டும்போது கிடைக்கும் வலுவில் பாதிதான் கம்பிக்கு வரும், சேர்வோவின் பல்லிலுள்ள ஆட்டமும் சுக்கானில் இரட்டிப்பாகும். துளையை மாற்றுவதே நல்லது.

அடுத்தது பக்க இழுவை. சேர்வோவின் கை வட்டமாகச் சுற்றுவதால், மேற்சொன்ன அளவில் கம்பியின் நுனி 2.5 மி.மீ. பக்கவாட்டிலும் நகரும். சேர்வோ பின்பலகையை ஒட்டி இருந்தால் அந்த நகர்வு முழுவதும் உறையின் கழுத்தில்தான் விழும். குறைந்தது 10 சென்ரிமீற்றர் முன்னால் வையுங்கள்.

இனி பூட்டும் ஒழுங்கு. றிமோட்டை முதலில் போட்டு, ட்ரிம்மை (நடு நிலையைச் சற்று நகர்த்தும் பொத்தான்) பூச்சியத்தில் வைத்து, பிறகு படகுக்கு மின் கொடுங்கள். சேர்வோ நடுவுக்கு வந்தபின் அதன் கையைக் கம்பிக்குச் செங்குத்தாக மாட்டுங்கள். பல்லுக்குப் பல் சரியாக வராவிட்டால் கிட்டியதில் மாட்டி, மிச்சத்தை சப்-ட்ரிம்மால் (றிமோட்டின் அமைப்பில் நடுவைத் திருத்தும் வசதி) சரிசெய்யலாம். சுக்கானை நேராகப் பிடித்தபடி கம்பியின் நீளத்தைத் திருத்துங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் உறை. நடு நிலையில் அதன் மடிப்புகள் பாதி சுருங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் 6 மி.மீ. போய்வர இடமிருக்கும். சிறிய வாய் கம்பியை இறுக்கிப் பிடித்து அதனோடு சேர்ந்து ஓட வேண்டும், கம்பி அதற்குள் வழுக்கக்கூடாது. ஆகவே அந்த இடத்தில் கிறீஸ் வேண்டாம். கம்பியைத் துடைத்துக் காயவிட்டு, வலை பொத்தும் மெல்லிய நைலோன் நூலால் ஐந்தாறு சுற்றுச் சுற்றி முடியுங்கள். மடிப்புகளுக்கு ஏதாவது பூசத்தான் வேண்டுமென்றால் சிலிக்கன் கிறீஸ் மட்டும். வஸ்லின் இயற்கை இறப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

பூசிய சிலிக்கனைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வினாகிரி மணம் வரும் வகை பித்தளையையும் இரும்பையும் அரிக்கும். அது இருந்த இடத்தில் பிறகு எப்பொக்சியும் பெயின்ரும் ஒட்டா.

கடைசியாகச் சோதனை. பற்றரி உட்பட எல்லாப் பாரத்தோடும் படகைக் கிணற்றடித் தொட்டியில் விட்டு, பின்பக்கத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, சுக்கானை 10 நிமிடம் இடம் வலமாக ஆட்டுங்கள். உள்ளே உறைக்கு நேர் கீழே ஒரு துண்டு பத்திரிகைத்தாளும், சுக்கான் பிடிப்பின் திருகாணிகளுக்குக் கீழே இன்னொன்றும் வையுங்கள். பல படகுகளில் நனைவது இரண்டாவது தாள்தான், பழி மட்டும் உறைக்கு! அப்படியானால் திருகாணிகளைக் கழற்றி, துளைக்கு ஒரு சொட்டு எப்பொக்சி விட்டுத் திரும்ப முடுக்குங்கள்.

கேள்வி: கம்பியும் கிளிவிசும் (கம்பி நுனியைச் சுக்கான் கையோடு இணைக்கும் கவ்வி) யாழ்ப்பாணத்தில் எங்கே தேடுவது? – சுன்னாகம் மாணவர்

பதில்: கம்பிக்குச் சைக்கிள் கடை போதும். 14 கேஜ் சில்லுக் கம்பி 2 மி.மீ. தடிப்பானது, நுனியில் புரியும் வெட்டியிருக்கும். அந்தப் புரிக்கு 2-56 என்ற அங்குல முறை அளவுக் கிளிவிஸ் பொருந்தும். மெற்றிக் அளவான எம்2 கிளிவிசை ஏற்றாதீர்கள். புரி இடைவெளி வேறு என்பதால் கொஞ்சம் ஏறி இறுகிவிடும், பலவந்தம் செய்தால் புரி கழன்றுபோகும். ஸ்ரெயின்லெஸ் கம்பியாகக் கேளுங்கள். முலாம் பூசியது உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும். கிளிவிஸ் கழன்று திறக்காமலிருக்க, வால்வு ரியூப்பில் 4 மி.மீ. துண்டு வெட்டி அதன்மேல் ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: மரத்தில் செய்த மீன்பிடி வள்ள மாதிரி. சுக்கான் அச்சு அடிப்பலகையைத் துளைத்துப் பித்தளைக் குழாய் வழியாக மேலே வருகிறது. கிறீஸ் நிரப்பியும் குழாயின் வாயால் தண்ணீர் வழிகிறது. – பருத்தித்துறை வாசகர்

பதில்: குழாய் கட்டை. முழுப் பாரத்தோடு படகை மிதக்கவிட்டு நீர்மட்டத்தை அடையாளமிடுங்கள். குழாயின் மேல்வாய் அதற்கு மேலே 15 மி.மீ. ஆவது நிற்கவேண்டும். நின்றால் கிறீஸ் இல்லாமலும் தண்ணீர் ஏறாது, ஓட்டத்தில் தெறிப்பதை மட்டும் கிறீஸ் மறித்தால் போதும். உயர்த்த இடமில்லையா? மேல்வாயில் ஓ-வளையம் ஒன்றை வைத்து, சுக்கான் கையின் காலரால் (அச்சைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்) மெதுவாக அழுத்திப் பூட்டுங்கள். காலரின் திருகாணி இருக்கும் இடத்தில் அச்சை அரத்தால் தட்டையாக்க மறக்கவேண்டாம். உருண்டை அச்சில் அது எப்படியும் வழுக்கும்.

கேள்வி: பண்ணைக் கடலில் ஓட்டினேன். நீர்புகா சேர்வோ என்று வாங்கியது ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. – யாழ் நகர வாசகர்

பதில்: அதில் ஐபி67 என்று போட்டிருந்தால், ஒரு மீற்றர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதே பொருள். உப்புத் தண்ணீருக்கு அந்தச் சோதனை பொறுப்பில்லை. ஓட்டி முடிந்ததும் சுக்கானையும் கம்பியையும் உறையின் மடிப்புகளையும் நல்ல தண்ணீரில் கழுவி, மூடியைத் திறந்து காயவிடுங்கள். உங்கள் கிணறு உவரென்றால் அந்தத் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. அலுமினியப் பிடிப்பில் ஸ்ரெயின்லெஸ் திருகாணி போட்டிருந்தால் அதையும் இடைக்கிடை கழற்றிப் பாருங்கள், உப்பில் அலுமினியம் அதைச் சுற்றித்தான் முதலில் அரிபடும்.

பண்ணையில் ஆழம் குறைவு, சாதாளையும் உண்டு. சுக்கான் பிடிப்பில் உடையும் ஆணியாக நைலோன் திருகாணியே இருக்கட்டும். அடிபட்டால் அது முறிந்து சுக்கான் மேலே மடியும், சேர்வோவின் பல் தப்பும். மேலதிகமாக நான்கைந்து திருகாணிகளைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.