'ரன்': ஒரு சொல், 645 பொருள்

கேள்வி: ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள்களைக் கொண்ட சொல் 'செட்' என்று என் பள்ளிக்காலத்துப் பொது அறிவு நூலில் படித்திருக்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் மகளோ 'ரன்' என்கிறாள். எது சரி?
(வாசகர், காரைக்குடி)

பதில்: இருவரும் சரியாகவே படித்திருக்கிறீர்கள், நூல்கள் வெளிவந்த காலம்தான் வேறு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்தபோது, 'செட்' என்னும் வினைச்சொல்லுக்கு 430 பொருள்கள் தரப்பட்டிருந்தன. அந்த ஒரு சொல்லுக்கான விளக்கமே ஏறத்தாழ 60,000 சொற்களுக்கு நீண்டது. பொது அறிவு நூல்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை விடவில்லை. அகராதியை முழுமையாகத் திருத்தும் பணி பின்னர் தொடங்கி, திருத்திய பகுதிகள் 2000ஆம் ஆண்டு முதல் இணையத்தில் வெளிவரலாயின. 'எம்' எழுத்திலிருந்து திருத்தத்தைத் தொடங்கியதால், நீளத்தில் முதலிடம் முதலில் 'மேக்' என்ற சொல்லுக்கும், 2007இல் 'புட்' என்ற சொல்லுக்கும், 2011இல் 'ரன்' என்ற சொல்லுக்கும் போயிற்று. 'ரன்' வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் கணக்காயின. அந்த ஒரு சொல்லைச் சீர்செய்ய அகராதியாசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதங்கள் தேவைப்பட்டன.

தேர்வில் 'ரன்' என்றே உங்கள் மகள் எழுதட்டும். ஆனால் 430, 645 ஆகிய இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதையும் அவர் அறிந்திருப்பது நல்லது. ஒன்று பழைய கணக்கு, மற்றது கூடுதல் சான்றுகளோடு புதிதாகப் போட்ட கணக்கு. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் 'டேக்' என்ற சொல்லுக்கு 134 பொருள்கள் கொடுத்து ஐந்து பக்கங்களை நிரப்பினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு காலத்திலும் வெவ்வேறு சின்னஞ்சிறு சொற்கள் இந்தப் பெருமையைப் பெற்று வந்திருப்பது புரியும்.

கேள்வி: 'ரன்' என்றால் ஓடுதல். அதற்கு எப்படி 645 பொருள்கள் இருக்க முடியும்? ஒன்றையே பலவாக எண்ணிக் காட்டுகிறார்களா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்கள் ஐயத்தில் நியாயம் உண்டு. பொருள்களை எண்ணுவது நெல்லிக்காய்களை எண்ணுவது போன்றதன்று. எங்கே ஒரு பொருள் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை அகராதியாசிரியர்தான் தீர்மானிக்கிறார். பேருந்து 'ரன்' ஆவதையும் தொடர்வண்டி 'ரன்' ஆவதையும் ஒருவர் ஒரே பொருளாகக் கொள்வார். வண்டி சாலையில் நகர்வதையும், கால அட்டவணைப்படி இரண்டு ஊர்களுக்கு இடையே இயக்கப்படுவதையும் இன்னொருவர் பிரித்து வைப்பார். மாணவர்களுக்கான கையடக்க அகராதிகள் இதே சொல்லுக்குச் சில பத்துப் பொருள்களோடு நிறுத்திக்கொள்கின்றன.

ஆயினும் இச்சொல் உண்மையிலேயே நெடுந்தூரம் பரவியிருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'ரின்னன்', 'இர்னன்' என்னும் வடிவங்களில் இருந்த காலத்திலேயே, கால்களால் ஓடுவதையும் நீர் ஓடுவதையும் அது சேர்த்தே குறித்தது. அதன் உறவுமொழியான ஜெர்மன், ஒழுகுவதற்கு 'ரின்னன்' என்றும் விரைந்து ஓடுவதற்கு 'ரென்னன்' என்றும் இரண்டு சொற்களை வைத்துக்கொண்டுள்ளது. ஆங்கிலமோ இரண்டு வேலைகளையும் ஒரே சொல்லிடம் கொடுத்துவிட்டது. ஆகவே ஆங்கிலத்தில் மூக்கு 'ரன்' ஆவதும், துவைத்த துணியின் சாயம் 'ரன்' ஆவதும், ஓடும் கால்களிலிருந்து கற்பனையாகக் கிளைத்தவை என்று கொள்ள வேண்டியதில்லை. நீரின் ஓட்டமும் அச்சொல்லுக்குத் தொடக்கம் முதலே உரியது.

பிறகு இயந்திரங்கள் வந்தன. நெசவு ஆலை, நீராவி இயந்திரம், கடிகாரம், மோட்டார் வண்டி, கடைசியாகக் கணினி நிரல் என ஒவ்வொரு புதுப்பொருளும், தான் இயங்குவதைச் சொல்ல இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டது. இயந்திரத்தை இயக்குபவர் இருப்பதுபோல் கடையையும் நிறுவனத்தையும் நாட்டையும் 'ரன்' செய்பவர்கள் தோன்றினார்கள். அலுவலக மொழியில் இவற்றுக்கெல்லாம் 'ஆப்பரேட்', 'மேனேஜ்', 'அட்மினிஸ்டர்' என்று லத்தீன் வழிச் சொற்கள் தயாராக உள்ளன. ஆனால் வீட்டில் பேசும் ஆங்கிலேயர் ஓரசைச் சொல்லைத்தான் தேடுகிறார். அடிக்கடி வழங்கும் சொற்களுக்கே பொருள்களும் மிகுதி என்பதை அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப்ஃப் 1945இல் எடுத்துக்காட்டினார்.

தமிழில் 'ஓடு' என்ற வினையும் இதே வழியில் சென்றிருக்கிறது. ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, குடும்பம் எப்படியோ ஓடுகிறது, கவலை வந்தால் மட்டும் ஒன்றும் ஓடுவதில்லை. எனினும் ஆங்கிலச் சொல் செல்லுமிடமெல்லாம் நம் சொல் செல்வதில்லை. நமக்கு மூக்கு ஒழுகும், சாயம் போகும். கடையை நாம் நடத்துவோமே தவிர ஓடுவதில்லை. வேண்டுமானால் ஓட்டுவோம்.

ஒன்றை மட்டும் இக்கணக்கில் சேர்க்கக் கூடாது. கூரை ஓடும், ஓடு என்னும் ஏவலும் ஒலியால் மட்டுமே ஒன்று. அவை இருவேறு சொற்கள். ஆங்கிலத்தில் வௌவாலைக் குறிக்கும் 'பேட்', மட்டையைக் குறிக்கும் 'பேட்' ஆகியவையும் அவ்வாறே பிறப்பால் வேறுபட்டவை. அகராதி அவற்றுக்குத் தனித்தனி இடம் தருகிறது.

கேள்வி: ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் இருந்தால் ஆங்கிலேயர்களுக்கே குழப்பம் வராதா? மாணவர்கள் எதை மனப்பாடம் செய்வது?
(ஆசிரியை, திருநெல்வேலி)

பதில்: மனப்பாடம் வேண்டவே வேண்டாம். பட்டியலைக் கரைத்துக் குடித்த மாணவனைவிடப் பத்து வாக்கியங்களைக் கூர்ந்து படித்தவனே தேறுவான். பக்கத்திலுள்ள சொற்கள்தான் பொருளைத் தேர்ந்தெடுக்கின்றன. இதைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல் பற்றிக் கூறும்போதே வகுத்துக் காட்டிவிட்டது. 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடிற்று' என்றால் விலங்கு. அங்கே வினை வந்து பொருளைப் பிரிக்கிறது. 'மா வீழ்ந்தது' என்றால் மரமா விலங்கா என்பதை வினை சொல்லாது. முன்பின் உள்ளவற்றைக் கொண்டே அறிய வேண்டும்.

'ரன்' வினையாக வருவதால், அதன் பொருளைப் பிரிக்க எழுவாயையும் செயப்படுபொருளையும் பார்க்க வேண்டும். எழுவாய் மனிதராக இருந்து செயப்படுபொருள் இல்லையென்றால் பெரும்பாலும் கால்களால் ஓடுவதே. செயப்படுபொருள் உணவகம், பள்ளி போன்றதாயின் நடத்துவது. எழுவாய் நாடகமாயின் தொடர்ந்து மேடையேறுவது. ஒரு நோயோ குணமோ குடும்பத்தில் 'ரன்' ஆகிறது என்றால் வழிவழியாக வருவது.

சற்றுக் கடினமான இடம் துணைச்சொற்கள். பால் 'ரன் அவுட்' ஆனால் தீர்ந்துவிட்டது. மட்டையாளர் 'ரன் அவுட்' ஆனால், அவர் கோட்டைத் தொடுமுன் குச்சிகள் வீழ்த்தப்பட்டன. 'ரன் இன்டு' என்பது ஒருவரைத் தற்செயலாகச் சந்திப்பதாகவும் இருக்கலாம், சுவரில் வண்டியை மோதுவதாகவும் இருக்கலாம். இவற்றைத் தனிச்சொற்களாகவே கற்பிப்பது நல்லது என்பது என் கருத்து. 'அவுட்' என்பதன் பொருளையும் 'ரன்' என்பதன் பொருளையும் கூட்டிப் பார்த்து எந்த மாணவனும் 'பால் தீர்ந்தது' என்ற விடைக்கு வரமாட்டான். கிரிக்கெட்டில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால், மட்டையாளர் ஓரடியும் ஓடாமலே நான்கு 'ரன்' பெறுகிறார் என்பதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். ஒரு பொருள் தன் வேரைவிட்டு எவ்வளவு தூரம் விலகலாம் என்பது விளையாட்டுப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

கேள்வி: அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் வேட்பாளர் 'ரன்' செய்கிறார் என்கிறார்கள். வணிகப் பக்கத்தில் 'பேங்க் ரன்' என்கிறார்கள். இவை எந்த ஓட்டம்?
(வாசகர், ஈரோடு)

பதில்: முதலாவது, போட்டியில் ஓடுவது. பிரிட்டனில் வேட்பாளர் ஓடுவதில்லை, நிற்கிறார். நம் வேட்பாளர்களும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறார்கள். இரண்டாவது, வங்கி முறிந்துவிடும் என்ற அச்சத்தில் வைப்பாளர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பது. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் முன் மக்கள் நீண்ட வரிசையில் காத்திருந்தது இதற்குச் சான்று. அங்கேயும் யாரும் ஓடவில்லை, நின்றார்கள். ஆனாலும் ஆங்கிலம் அதை 'ரன்' என்றே எழுதிற்று.

கேள்வி: வெளிநாட்டிலுள்ள என் மருமகள், பேரன் 'ரன்னிங் எ டெம்பரேச்சர்' என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். ஓடி விளையாடுகிறான் என்று எண்ணி மகிழ்ந்தேன். சரிதானே?
(வாசகி, மதுரை)

பதில்: இல்லை அம்மா, பேரனுக்குக் காய்ச்சல் அடிக்கிறது. தொலைபேசியில் கூப்பிட்டு விசாரியுங்கள்.