வளையும் சுவர்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவின் பூர்வகுடிக் கட்டடக்கலைஞர் டக்ளஸ் கார்டினல் வடிவமைத்த அருங்காட்சியகத்தைப் படங்களில் பார்த்தேன். அழகுதான். ஆனால் மலையையும் ஆற்றையும்போலச் சுவரை வளைப்பது வெறும் அலங்காரம் அல்லவா? அதில் பூர்வகுடித்தன்மை எங்கே இருக்கிறது?

கே.

அன்புள்ள கே,

படத்தில் முதலில் கண்ணில் படுவது வெளிக்கோடுதான் என்பதால் உங்கள் ஐயம் இயல்பானது. கார்டினலைப் புரிந்துகொள்ள ஆல்பர்ட்டா மாகாணத்தின் ரெட் டீர் நகரில் 1968ல் எழுந்த புனித மேரி தேவாலயத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டு முறைகளைச் சீர்திருத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற பேரவைக்குப் பின், மக்கள் பலிபீடத்தைச் சூழ்ந்து அமர்ந்து பூசையில் பங்கேற்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்ற காலம் அது. கார்டினல் முதலில் பீடத்துக்கு இடம் குறித்தார். பிறகு அதைச் சூழ்ந்து மக்கள் அமரும் வளைவு. அந்த வளைவை அணைத்தபடி செங்கல் சுவர். வெளியே நாம் வியக்கும் நெளிவு உள்ளே அமர்ந்திருப்பவர்களால் உண்டானது. வடங்களில் தொங்கும் அந்தக் கூரைக்கான கணக்குகளைக் கையால் போட்டுத் தீர்க்க முடியாமல் அன்றே கணிப்பொறியை நாடினார்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால், அலங்காரம் என்ற சொல் பொருந்தாது.

நீங்கள் பார்த்த அருங்காட்சியகம், இன்று கனடிய வரலாற்று அருங்காட்சியகம் எனப்படுவது, 1989ல், ஒட்டாவா ஆற்றின் கரையில், நாடாளுமன்றத்துக்கு எதிரே திறக்கப்பட்டது. அதன் சுவர்கள் மானிட்டோபா மாகாணத்தின் டிண்டால் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. அருகே சென்றால் சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலுயிர்களின் புதைபடிவங்கள் கல்லிலேயே தெரியும். பனியும் நீரும் பாறையை அரித்த விதத்தையே அவர் எடுத்துக்கொண்டார், ஏதோ ஒரு மலையின் உருவத்தை அல்ல.

பூர்வகுடித்தன்மையைச் சின்னங்களில் தேடினால் அகப்படாது. 1934ல் கால்கரியில் பிறந்து, சிறுவயதில் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, 1963ல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அவர், வரைவதற்கு முன் மக்களின் பேச்சைக் கேட்பதையே தம் முறையாகக் கொண்டார். கியூபெக் மாகாணத்தில், சுரங்கங்களுக்காகத் திரும்பத் திரும்ப இடம்பெயர்க்கப்பட்ட க்ரீ என்னும் பூர்வகுடி மக்களுக்கான உஜே-பூகுமு ஊரை அப்படித்தான் அவர்களோடு அமர்ந்து திட்டமிட்டார். ஊரின் நடுவே, அவர்களுடைய மரபுக் குடிலின் வடிவில், எல்லோரும் கூடும் இடம் இருக்கிறது. வாஷிங்டனில் 2004ல் திறந்த அமெரிக்கப் பூர்வகுடி அருங்காட்சியகமும் பல பழங்குடிகளின் பெரியவர்களோடு பேசிய பிறகே உருப்பெற்றது. 1998ல் பிணக்கு முற்றி அப்பணியிலிருந்து அவர் நீக்கப்பட்டார். கட்டடத்தை மற்றவர்கள் முடித்தார்கள். ஆயினும் கிழக்கு நோக்கிய அந்த வாசலும் காற்று அரித்ததுபோன்ற கல்லடுக்குகளும் அவருடையவையே.

அன்புடன்,
ஆசிரியர்