எக்கோவில் அழுத்தம் 55 என்று வந்த பிறகும் நடைச் சோதனை, கதீட்டர் எல்லாம் எதற்கு?

மன்னார்குடியில் இருக்கும் அம்மாவுக்கு நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் 55 என்று எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) சொல்லிவிட்டது, பிறகு ஏன் இத்தனை சோதனை என்று கேட்டிருக்கிறீர்கள். தஞ்சாவூரில் இந்தச் சோதனைகளை எடுக்கும் வேலையில் இருக்கிறேன். அவசியம் எடுங்கள்.

அந்த 55 நேராக அளந்தது இல்லை. வலது பக்க வால்வில் பின்னால் கசியும் ரத்தத்தின் வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு. அதுவும் இதயம் சுருங்கும்போது வரும் உச்ச அழுத்தம். நோய் என்று முடிவு செய்யும் 20 என்ற எல்லை சராசரி அழுத்தத்துக்கு உரியது. அதைக் கதீட்டரில்தான், அதாவது ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தித்தான் அளக்க முடியும். இரண்டையும் ஒப்பிட்டுப் பதறாதீர்கள்.

எக்கோ ரிப்போர்ட்டில் வலது இதயம் எப்படிச் சுருங்குகிறது என்பதையும் கேளுங்கள். அது ரொம்பக் களைத்துவிட்டால் அழுத்தம் தானாகவே இறங்கும். எண் குறைந்ததே என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள், கால் வீங்கிக்கொண்டே போகும்.

நம் பக்கத்துப் பெண்களிடம் "மூச்சு வாங்குதா?" என்றால் "அதெல்லாம் இல்லீங்க" என்பார்கள். பொய் இல்லை, மூச்சு வாங்கவைக்கும் வேலைகளை ஒவ்வொன்றாக விட்டிருப்பார்கள். ஒரு அம்மாவிடம் நடவுக்குப் போவீங்களா என்று கேட்டேன். "போன சம்பாவோட நிறுத்திட்டேன் தம்பி." துணி துவைக்க ஆத்துக்கு? "மருமவ போவுது." தண்ணிக்குடம்? "அரைக்குடம் தூக்குவேன்." டாக்டருக்குத் தெரிய வேண்டியது இதுதான். உங்கள் அம்மா எதையெல்லாம் விட்டார் என்று யோசித்து எழுதிக்கொண்டு போங்கள்.

ஆறு நிமிட நடையில் அது எண்ணாகத் தெரிந்துவிடும். 30 மீட்டர் வராந்தாவில் போய் வர வேண்டும், விரலில் ஆக்ஸிமீட்டர் இருக்கும். முடியாவிட்டால் நின்று இளைப்பாறலாம், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். 440 மீட்டரைத் தாண்டினால் நல்ல அறிகுறி, 165க்குக் கீழே என்றால் கவலைப்பட வேண்டும். "வேகமா வாம்மா" என்று கூடவே நடக்காதீர்கள், அளவு கெட்டுவிடும்.

கதீட்டர் காரணத்தையும் காட்டும். இடது இதயத்தின் நிலையைக் காட்டும் ஒரு அழுத்தத்தையும் அதில் அளப்போம், அது 15க்கு மேல் இருந்தால் கோளாறு இடது இதயத்தில். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் கண்டு, வால்வு சுருங்கியவர்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு நுரையீரல் ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரையைக் கொடுத்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடலாம். அதனால்தான் எக்கோவை மட்டும் நம்பி மருந்து தொடங்கக் கூடாது என்கிறேன்.

பழைய ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் நுரையீரல் ஸ்கேனையும் கேட்டு வாங்குங்கள். அப்படி இருந்தால் பலருக்கு அறுவை சிகிச்சையிலேயே பெரிய நிவாரணம் கிடைக்கும்.

நடைச் சோதனைக்குப் போகும்போது வழுக்காத செருப்பு போதும். வழக்கமான மாத்திரையை நிறுத்த வேண்டாம், காலையில் ரெண்டு இட்லி சாப்பிட்டே போகலாம்.