உடல் இளைக்க எந்த யோகர்ட்? முதலில் சர்க்கரையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 43. மொரீசியசில் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். எடையைக் குறைக்க இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு, கொழுப்பு நீக்கிய ஸ்ட்ராபெர்ரி யோகர்ட் பானம் இரண்டு பாட்டில் குடிக்கிறேன். இரண்டு மாதத்தில் 78 கிலோவிலிருந்து 71-க்கு வந்துவிட்டேன். இன்னும் வேகமாகக் குறைய எந்த யோகர்ட் நல்லது? கிரீக் யோகர்ட்டா, புரோபயாட்டிக்கா? இரவில் தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்குமா? மீனோடு சேர்த்தால் வெண்புள்ளி வருமாமே? யோகர்ட் சாப்பிட்டால் சர்க்கரை நோய் வராது என்று அமெரிக்காவிலேயே சொல்லிவிட்டார்களாமே, உண்மையா? மெலிய உதவும் என்று இணையத்தில் படித்து, கணவரின் சர்க்கரை மாத்திரையில் பாதியை நானும் எடுத்துக்கொள்கிறேன். இப்போது தாகம் அதிகம்; தண்ணீர் நிறையக் குடிப்பதால் இரவில் மூன்று நான்கு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. மறைவிடத்தில் அரிப்பு, மருந்துக் கடை களிம்பு தடவினால் போகிறது, மறுபடி வருகிறது. தயிர் தடவலாமா? என் அம்மாவுக்குச் சர்க்கரையால் ஒரு காலை எடுத்தார்கள். நான் இனிப்பே தொடுவதில்லை, அதனால் எனக்கு வராது அல்லவா?

பதில்: யோகர்ட்டைப் பற்றிப் பிறகு பேசுவோம், சகோதரி. நாளைக் காலை, வேறு எந்த வேலைக்கும் முன்னால், உங்கள் பகுதி சுகாதார நிலையத்துக்குப் போய் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். அரசு நிலையத்தில் காசு கேட்கமாட்டார்கள். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், சில நொடிகளில் எண் தெரிந்துவிடும். கடிதத்தின் முற்பாதியில் நீங்கள் கேட்ட எதற்கும் அவசரமில்லை. பிற்பாதியில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனீர்களே, தாகம், இரவில் எழுந்திருப்பது, விட்டுவிட்டு வரும் அரிப்பு, அவை மூன்றும்தான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. அந்த 7 கிலோவையும் அவற்றோடு சேர்த்தே பார்க்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி குறையவேண்டும். நீங்கள் விட்டுவிட்ட இரவுச் சாப்பாடு 600 கலோரி என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பதிலாகக் குடிக்கும் இரண்டு பாட்டில் பானத்தில் 300 கலோரிக்கு மேல் திரும்ப உள்ளே போய்விடுகிறது. மிச்சப்படுவதை 60 நாளுக்குப் பெருக்கினால் சுமார் இரண்டு கிலோ வரும். ஆரம்பத்தில் உடம்பிலிருந்து வடியும் நீருக்கு ஒரு கிலோ சேர்த்துக்கொண்டாலும் மூன்றுதான். மீதி நான்கு கிலோ எங்கே போயிற்று? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் "இன்னும் வேகமாகக் குறைய" என்று நீங்கள் கேட்பதை என்னால் ஏற்கமுடியாது.

இரத்தத்தில் சர்க்கரை 10 மில்லிமோலைத் தாண்டும்போது (மில்லிகிராம் கணக்கில் 180), சிறுநீரகத்தால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. சர்க்கரை சிறுநீரில் வழியும். போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் இரவில் எழுந்திருக்கிறீர்கள், அதனால்தான் நாக்கு வறண்டு தாகம் எடுக்கிறது. தண்ணீர் நிறையக் குடிப்பதால் சிறுநீர் போகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது தலைகீழ். சிறுநீரில் போவதால்தான் குடிக்கத் தோன்றுகிறது. இன்சுலின் போதாததால் சாப்பிட்ட சர்க்கரை தசைகளுக்குள் நுழைய முடிவதில்லை. பசித்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எடுத்து எரிக்கிறது. தராசில் எண் இறங்குகிறது, சேலை தளர்கிறது, பார்ப்பவர்கள் இளைத்துவிட்டாயே என்று பாராட்டுகிறார்கள். சர்க்கரை நோயின் அறிகுறிகளிலேயே இந்த ஒன்றுதான் நல்ல செய்திபோல வேடமிட்டு வருகிறது.

தைப்பூசக் காவடிக்கு விரதமிருந்து இளைத்ததாக நம்பிய ஒருவரை எனக்கு நினைவிருக்கிறது. விரதம் முடிந்து பல வாரங்கள் ஆகியும் எடை இறங்கிக்கொண்டே இருந்தது. பெல்ட்டில் புதிதாகப் போட்ட துளையை என்னிடம் மகிழ்ச்சியோடு காட்டினார். தாகத்துக்கு அலுடா என்ற இனிப்புப் பால் பானமும் கோலாவும் குடித்துக்கொண்டிருந்தார். விரலில் குத்திப் பார்த்தபோது 24 மில்லிமோல். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் எடை குறையும், சிறுநீர்ப்பையில் தொற்று இருந்தாலும் இரவில் எழுந்திருக்க நேரும். சர்க்கரை சரியாக இருந்தால் அடுத்து அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் வரிசையில் முதலில் நிற்பது சர்க்கரைதான்.

அரிப்பைப் பற்றி நீங்கள் எவ்வளவு தயங்கி எழுதியிருப்பீர்கள் என்று புரிகிறது. வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. சிறுநீரில் சர்க்கரை போனால் அந்த இடத்தில் காளான் வகைக் கிருமி செழிக்கும். சர்க்கரை குறையாதவரை களிம்பு தடவினால் அடங்கும், விட்டால் திரும்பும். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு இப்படித் திரும்பத் திரும்ப வந்தாலே இரத்தச் சர்க்கரை பார்க்கவேண்டும். தயிரைத் தடவாதீர்கள். நீங்கள் குடிக்கும் வகையில் உள்ளதைப்போலச் சர்க்கரை கலந்ததாக இருந்தால் அரிப்பு கூடத்தான் செய்யும். பரிசோதனைக்குப் போகும்போது இதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கவும் தயங்காதீர்கள்.

கணவரின் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கப்போவதில்லை. பெயரை நீங்கள் எழுதவில்லை, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அது நல்ல மருந்து, பல ஆண்டுகளாகப் பழகிய மருந்து. ஆனால் அதைத் தொடங்கும் முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று இரத்தத்தில் பார்த்துத்தான் கொடுக்கிறோம். உங்களுக்கு அதை யார் பார்த்தார்கள்? பாதி மாத்திரை விழுங்குவதால் நோய் இருந்தால் குணமாகாது, பரிசோதனையில் வரும் எண் மட்டும் கொஞ்சம் கீழே காட்டலாம். அங்கே உங்கள் கணவர் தன் மாத மாத்திரை ஏன் முன்கூட்டியே தீர்கிறது என்று தெரியாமல், கடைசி நாட்களில் மருந்தில்லாமல் இருக்கக்கூடும். அவரிடம் சொல்லிவிடுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளாக என்பதை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.

நீங்கள் உண்மையில் அஞ்சுவது அம்மாவுக்கு நேர்ந்ததை. கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளுக்காகத்தான் மற்ற வரிகள் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன என்று நினைக்கிறேன். அதனால் நேராகவே சொல்கிறேன். இனிப்பைத் தொடாதவருக்கும் சர்க்கரை நோய் வரும். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம். மொரீசியசில் 25 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இருக்கிறது, நம் தமிழ்க் குடும்பங்களும் அதில் அடக்கம். ஆனால் நோய் வந்தவுடன் யாரும் காலை இழப்பதில்லை. பல ஆண்டுகள் கட்டுப்பாடு இல்லாமல் கிடந்து, நரம்பு மரத்து, இரத்தக் குழாய் அடைத்து, செருப்புக் கடித்த புண்கூடத் தெரியாமல் அழுகிய பிறகே அந்த நிலை வருகிறது. அத்தனை ஆண்டுகளும் தடுப்பதற்கு நமக்குக் கிடைக்கும் காலம்.

தொடக்கத்திலேயே பிடிப்பதற்கு இன்னொரு பலனும் உண்டு. நோய் கண்டு ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்களை வைத்து பிரிட்டனில் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மருத்துவக் கண்காணிப்போடு எடையைக் குறைத்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஓராண்டின் முடிவில் மாத்திரை இல்லாமலே நோயில்லாத அளவில் இருந்தார்கள். எடை குறைக்கவேண்டும் என்ற உங்கள் ஆசை தவறில்லை. எதனால் குறைகிறது என்று தெரிந்து குறையவேண்டும்.

பரிசோதனைக்காக இரண்டு நாள் பட்டினி கிடந்தோ உணவைக் கட்டுப்படுத்தியோ "நல்ல" எண்ணோடு போகாதீர்கள். பலர் இதைச் செய்கிறார்கள். வெறும் வயிற்றில் 7 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய். உங்களைப்போல் அறிகுறிகள் உள்ளவருக்கு எந்த நேரத்தில் பார்த்தாலும் 11.1-ஐத் தொட்டால் போதும், அதற்கு மேல் சந்தேகமில்லை. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையையும் கேளுங்கள். 6.5 சதவீதம் அதன் எல்லைக்கோடு.

மற்றவற்றுக்கு ஒரு வரி போதும். இரவில் தயிர் சாப்பிடலாம், சளி கிருமியால் வருவது. மீனும் தயிரும் சேர்ந்து வெண்புள்ளியை உண்டாக்குவதில்லை. அது உடலின் எதிர்ப்புச் சக்தி நிறமி அணுக்களையே தாக்குவதால் வருவது. புரோபயாட்டிக் என்று எழுதிய டப்பாவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ரூபாய் உங்கள் எடையைக் குறைக்கப்போவதில்லை.

அமெரிக்கச் செய்திக்கு மட்டும் கொஞ்சம் விளக்கம் தேவை. 2024 மார்ச்சில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம், வாரம் இரண்டு கப்பாவது யோகர்ட் சாப்பிடுவது இரண்டாம் வகைச் சர்க்கரை நோயின் அபாயத்தைக் குறைக்கலாம் என்று டப்பாவில் அச்சிட அனுமதித்தது. ஆதாரம் குறைவு என்பதையும் கூடவே அச்சிடவேண்டும் என்றது. விண்ணப்பித்தது யோகர்ட் தயாரிக்கும் நிறுவனம். இதைத்தான் இணையத்தில் "வராது" என்று ஆக்கிவிட்டார்கள். வந்துவிட்ட நோயைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இனி யோகர்ட். இப்போது குடிக்கும் பாட்டிலை எடுத்துத் திருப்புங்கள். பிரெஞ்சில் அச்சிட்ட சத்துப் பட்டியலில் 'க்ளுசீத்' (மாவுச்சத்து) என்ற வரிக்குக் கீழே, சற்று உள்தள்ளி, 'தோன் சூக்ர்' என்று ஒரு வரி இருக்கும். மொத்தச் சர்க்கரை அதுதான். பழச்சுவை பானங்களில் பொதுவாக 100 மில்லிக்கு 10 முதல் 13 கிராம் வரை இருக்கும். உங்களுடையது 12 என்றும், பாட்டில் 250 மில்லி என்றும் கொண்டால் இரவில் மட்டும் 60 கிராம். பாலில் இயல்பாகவே உள்ளதைக் கழித்தாலும் 40 கிராம், அதாவது 10 தேக்கரண்டிச் சர்க்கரை. சேர்க்கப்பட்ட சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இனிப்பே தொடுவதில்லை என்று நீங்கள் மனதார நம்பி எழுதியிருக்கிறீர்கள். கொழுப்பு நீக்கியது என்று பெரிய எழுத்தில் போட்டு உங்களை அப்படி நம்பவைத்திருக்கிறார்கள். கொழுப்பை எடுத்தால் சுவை போய்விடும், அதை ஈடுகட்டச் சர்க்கரையைச் சேர்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம்.

வாங்குவதானால் இனிப்பு சேர்க்காத வெறும் யோகர்ட். 100 கிராமுக்குச் சர்க்கரை 5 கிராம் அளவில் இருந்தால் அது பாலின் சொந்தச் சர்க்கரை, பயப்படவேண்டாம். சேர்மானங்களில் பாலும் உறைகிருமிகளும் தவிர வேறொன்றும் பெரிதாக இருக்கக்கூடாது. வடிகட்டிய கிரீக் யோகர்ட்டில் புரதம் 100 கிராமுக்கு 9, 10 கிராம் வரை இருக்கும், சாதாரணத் தயிரில் மூன்றரை. புரதம் பசியைத் தாங்கவைக்கும், தசையைக் காக்கும். எடை குறைப்பவருக்கு அது உதவி. 'கிரீக் ஸ்டைல்' என்ற பெயரில் க்ரீமும் மாவுச்சத்தும் சேர்த்துக் கெட்டியாக்கியதும் விற்கிறார்கள், புரத வரியைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். முழுக் கொழுப்பா, கொழுப்பு குறைந்ததா என்று தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள். வெறும் தயிரில் ஒரு சிறு கிண்ணத்துக்கு இரண்டுக்கும் இருபது முப்பது கலோரிதான் வித்தியாசம்.

என்னைக் கேட்டால் வீட்டுத் தயிர் போதும். இந்தத் தீவில் பால் பெரும்பாலும் பவுடராகத்தான் கிடைக்கிறது, அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கலந்து காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் ஒரு கரண்டித் தயிரை விட்டு மூடி வையுங்கள். உறைந்ததை மெல்லிய துணியில் கட்டி, குளிர்ப்பெட்டியில் ஒரு பாத்திரத்தின் மேல் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் நீர் வடிந்து கெட்டியாகும். வெள்ளரிக்காய், மிளகு, கொத்தமல்லி சேர்த்து, பருப்பும் கீரையும் உள்ள இரவுச் சாப்பாட்டோடு ஒரு கிண்ணம் சாப்பிடுங்கள். சாப்பாட்டுக்குப் பதிலாக வேண்டாம்.

பரிசோதனை முடியும்வரை தாகத்துக்குத் தண்ணீர் மட்டும் குடியுங்கள். இடையில் வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல், மூச்சில் அழுகிய பழ வாடை, தூங்கி விழுவதுபோன்ற மயக்கம், இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். எந்த நேரமானாலும் கணவரை எழுப்பி ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய், "இரண்டு மாதத்தில் ஏழு கிலோ குறைந்திருக்கிறது, சர்க்கரை பார்க்கவேண்டும்" என்று வாசலிலேயே சொல்லுங்கள்.