வாசகர் கேள்வி–பதில்: வீட்டுக்குள் ஓடும் தொலைபேசிக் கம்பிக்கு யார் பொறுப்பு?

கேள்வி: நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் தொலைபேசியில் எப்போதும் கரகரப்பு. நிறுவனத்திடம் புகார் செய்தால், பழுது வீட்டுக்குள் இருக்குமானால் வருகைக் கட்டணம் தர வேண்டும் என்றும், மாதச் சந்தா கட்டிப் பராமரிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் அது இல்லை என்றும் சொல்கிறார்கள். ஊரில் லைன்மேன் வந்தால் கருவி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் போவார். இங்கு ஏன் இப்படி? சந்தா கட்டலாமா?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் கீழ் இயங்கிய பெல் அமைப்பு, தெருக் கம்பத்திலிருந்து மேசைமேல் இருக்கும் கருவி வரை எல்லாவற்றையும் தன் உடைமையாக வைத்துக்கொண்டு, கருவிக்கும் மாத வாடகை வசூலித்தது. பிறர் தயாரித்த கருவிகளையும் இணைக்கலாம் என்று கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1968-இல் கார்ட்டர்ஃபோன் வழக்கில் முடிவு செய்த பிறகு அந்தப் பிடி தளர்ந்தது. 1984 தொடக்கத்தில் பெல் அமைப்பே பிரிக்கப்பட்டது. 1987 ஜனவரி 1 முதல், உள்கம்பிகளைப் பொருத்தும் வேலையும் பராமரிக்கும் வேலையும் ஒழுங்குமுறைக் கட்டணப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அன்று முதல் அந்தக் கம்பிகளைப் பழுதுபார்க்கவும் மாற்றவும் அகற்றவும் வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு, செலவும் அவருடையதே.

எல்லை எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. தனி வீடாக இருந்தால், கம்பி உள்ளே நுழையும் இடத்துக்கு அருகில், பெரும்பாலும் வெளிச்சுவரில், சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கும். அதன் ஒரு பாதி நிறுவனத்துக்குரியது. அதைத் தொட வேண்டாம். சாதாரணத் திருப்புளியால் திறக்கக்கூடிய மறுபாதி உங்களுக்குரியது. அதற்குள் இருக்கும் சிறிய பிளக்கைக் கழற்றினால் வீட்டுக் கம்பிகள் முழுவதும் வெளி லைனிலிருந்து துண்டிக்கப்படும். அந்தத் துளையில், நன்றாக வேலை செய்யும் கம்பியுள்ள தொலைபேசி ஒன்றைச் செருகிக் கேளுங்கள். அங்கேயும் கரகரத்தால் பழுது நிறுவனத்தின் பக்கம்; அவர்கள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டியது. அங்கே டயல் டோன் தெளிவாக இருந்தால் பழுது உள்ளே. மணி அடிக்கும்போது லைனில் ஏறத்தாழ 90 வோல்ட் மாறுமின்சாரம் வரும் என்பதால், ஈரக் கையோடும் இடி மின்னல் நேரத்திலும் இதைச் செய்யாதீர்கள்.

பழுது உள்ளே என்று தெரிந்தால், உடனே கம்பியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கருவிகள் அனைத்தையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். ஒரு பழைய கருவியே முழு லைனையும் கெடுத்துக்கொண்டிருக்கலாம். அதற்கடுத்துப் பார்க்க வேண்டியவை, ஈரம் பட்டுப் பச்சை பூத்த சுவர்ச் சாக்கெட்டுகள். கம்பியே அறுந்திருந்தாலும் பழைய வீடுகளில் ஒரு வசதி உண்டு: முதல் லைன் சிவப்பு, பச்சை இழைகளில் ஓடும், மஞ்சள், கறுப்பு இழைகள் பெரும்பாலும் சும்மா கிடக்கும். இரு முனைகளிலும் இணைப்பை அவற்றுக்கு மாற்றிவிட்டால் சுவரை உடைக்காமலே வேலை முடியும். ஆனால் 1959-இல் அறிமுகமான பிரின்சஸ் தொலைபேசியின் விளக்குக்கு அந்த மஞ்சள், கறுப்பு இழைகள் வழியாகவே மின்சாரம் கொடுத்தார்கள். அதற்கான சிறு மின்மாற்றி அடித்தளத்தில் எங்காவது இன்னும் செருகப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

சந்தாவைப் பற்றி: என் கருத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு அது வீண். நன்றாகப் பொருத்திய கம்பி பல பத்தாண்டுகள் உழைக்கும். இத்தகைய திட்டங்களில் கருவிகள் பெரும்பாலும் சேராது என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: வாடகைக் குடியிருப்பில் இருக்கிறோம். சாக்கெட் எதிலும் ஒலி இல்லை. செலவு எங்களுடையதா?
– வாசகர், சான் ஹோசே, கலிபோர்னியா

பதில்: இல்லை. கலிபோர்னியாவின் உரிமையியல் சட்டத் தொகுப்பில் 1941.4 ஆம் பிரிவின்படி, பயன்படுத்தக்கூடிய தொலைபேசிச் சாக்கெட் ஒன்றையாவது பொருத்தித் தருவதும், உள்கம்பிகளை நல்ல நிலையில் வைத்திருப்பதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. எழுத்து மூலம் அவருக்குத் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாநிலங்களில் விதி வேறுபடலாம் என்பதால், அங்குள்ளவர்கள் வாடகை ஒப்பந்தத்தையும் மாநிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: இணையவழித் தொலைபேசிக்கு மாறிவிட்டோம். அதன் அடாப்டரைச் சுவர்ச் சாக்கெட்டில் செருகினால் எல்லா அறைகளிலும் மணி அடிக்குமா?
– வாசகர், டாலஸ், டெக்சாஸ்

பதில்: கம்பிகள் நல்ல நிலையில் இருந்தால் அடிக்கும். ஆனால் அதற்கு முன் மேலே சொன்ன பெட்டியில் உங்கள் பக்கத்துப் பிளக்கைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். பழைய சேவையை நிறுத்திய பின்னும் வெளி லைனில் 48 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கக்கூடும். அது அடாப்டரைக் கெடுத்துவிடும். கழற்றிய பிளக்கை யாரும் மீண்டும் மாட்டிவிடாதபடி, பெட்டிக்குள் ஒரு குறிப்புச் சீட்டும் ஒட்டி வையுங்கள்.