4 மாதக் குழந்தைக்குத் திடீரென எச்சில் ஒழுகுவது ஏன்? பிறந்த பிறகும் உமிழ்நீர்ச் சுரப்பி வளருமா?

வளரும். பிறந்த குழந்தையின் சுரப்பி இன்னும் முழுதாகத் தயாராகவில்லை. நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தபோது, பிறந்து சில நாளே ஆன எலியின் கீழ்த்தாடைச் சுரப்பியையும் வளர்ந்த எலியின் சுரப்பியையும் மைக்ரோஸ்கோப்பில் அடுத்தடுத்து பார்த்தேன். இரண்டும் ஒரே உறுப்புதான் என்று நம்பவே முடியவில்லை.

கருவில் நடப்பது இது: வாயின் உள்தோல் ஓரிடத்தில் தடித்து, கீழே இறங்கி மொட்டாகும். சுண்டெலிக் கருவில் 13ஆம் நாள் வாக்கில் அந்த மொட்டில் பிளவு விழுந்து கிளைகள் பிரியும். கெட்டியாக இருக்கும் கிளைகளில் அப்புறம்தான் துளை உண்டாகிக் குழாயாகும். மனிதக் கருவில் இந்த வேலை 6ஆம் வாரத்தை ஒட்டித் தொடங்குகிறது.

எலி பிறக்கும்போது கிளை நுனிகளில் இரண்டு வகைச் செல்கள் சுரந்துகொண்டிருக்கும். ஒரு வகை மெல்ல முதிர்ந்து, ஆயுளுக்கும் எச்சில் சுரக்கும் செல்லாகிறது. இன்னொரு வகை பால்குடிப் பருவத்துக்கு மட்டும்தான். முதல் மாதத்துக்குள் அவை பெருமளவு குறைந்துவிடும். சில மடியும், சில குழாய்ச் சுவரில் சேர்ந்துகொள்ளும். எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த இடம் இதுதான். குட்டி பாலை மறக்கும் வயதும் இந்த மாற்றமும் ஒட்டியே வருகின்றன.

காங்கேயம் பக்கம் எங்கள் கட்டுத்தரையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பால் மட்டும் குடிக்கும் கன்றுக்கு எச்சில் கொஞ்சம்தான். கொழுக்கட்டைப் புல்லையும் சோளத்தட்டையும் கடித்து அசை போடத் தொடங்கினால் காதடி உமிழ்நீர்ச் சுரப்பி பெரிதாகும். பெரிய கறவை மாடு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் எச்சில் சுரக்கும். முதல் வயிற்றில் தீவனம் புளிக்கும்போது வரும் அமிலத்தை அதுதான் தணிக்கிறது.

சரி, உங்கள் குழந்தைக்கு வருவோம். 3, 4 மாதத்தில் சுரப்பு கூடுகிறது. ஆனால் அதை வாய்க்குள் வைத்து விழுங்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. அதனால்தான் ஒழுகுகிறது. எங்கள் அப்பத்தா “பல்லு வருது கண்ணு” என்பார். பல் வர இன்னும் மாதங்கள் இருந்தாலும் இப்படி ஒழுகலாம். பிறந்தபோது குழந்தையின் எச்சிலில் மிகக் குறைவாக இருந்த, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸும் இந்த மாதங்களில் கூடிக்கொண்டே போகும். தாடையை மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பால் விழுங்கச் சிரமப்பட்டாலோ காய்ச்சல் இருந்தாலோ மட்டும் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.