வீட்டுப் பத்திரத்தை வங்கிக்குக் கொண்டு போகாதீர்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரிலிருந்து வந்த அந்த அண்ணனும் அக்காவும் போன சனிக்கிழமை ஆலோசனை கேட்டு என் முன்னால் உட்கார்ந்தபோது, கையில் வீட்டுப் பத்திரத்தின் நகல் இருந்தது. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) முடித்த மகளைத் தனியார் கல்லூரியில் மருத்துவம் சேர்க்கவேண்டும், கட்டணம் மூன்றரை லட்சம் ரிங்கிட். "நம்ம குடும்பத்துல ஒரு டாக்டர்கூட இல்லையே" என்று பெரிய மாமா சொல்லிவிட்டாராம். மகளோ இயற்பியல் படித்துக் கருந்துளைகளைத் தேடப்போகிறேன் என்கிறாள். பயப்படாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். பத்திரத்தைப் பார்த்ததும் ஆறுதல் பேச்சை நிறுத்திவிட்டேன்.

அண்ணே, அக்கா, அன்று சொன்னதை எழுதியே தருகிறேன். மாமாவிடம் காட்டுங்கள்.

வீட்டை அடகு வைக்கக்கூடாது. சேமநிதிப் பணத்தையும் இதற்காக வழித்தெடுக்கக்கூடாது. லாரி ஓட்டும் அண்ணனுக்கு 52 வயது. மகள் ஐந்து வருடம் படித்து, இரண்டு வருடம் ஹவுஸ்மேன் (பயிற்சி டாக்டர்) வேலை பார்த்து முடிக்கும்போது குறைந்தது 59 ஆகிவிடும். அரசு மருத்துவமனைகளில் புதிய டாக்டர்களை நிரந்தரமாக இல்லாமல் ஒப்பந்தத்தில் எடுக்கும் முறை 2016 இறுதியிலேயே வந்துவிட்டது. அதற்கெல்லாம் மேலே, ரத்தத்தைப் பார்த்தால் அவள் முகம் வெளுத்துவிடும் என்று சொன்னது நீங்கள்தான், அக்கா.

இப்போது அவள் நோட்டைப் பற்றிப் பேசுவோம்.

நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் அதை நீட்டினாள். கட்டம் போட்ட தாளில் பென்சில் புள்ளிகள், அவற்றின் வழியே ஏறி இறங்கும் ஒரு வளைகோடு. கீழே '185.6 நாள்' என்று எழுதி இரண்டு முறை கோடிட்டிருந்தாள். கருந்துளை ஒளி விடாது. பக்கத்து விண்மீனின் வாயுவை இழுத்து விழுங்கினால் எக்ஸ் கதிர் வரும். சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளை அப்படித்தான் 1971இல் பிடிபட்டது. எதையும் விழுங்காமல் சும்மா கிடப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதைச் சுற்றிவரும் விண்மீனைப் பார்க்கவேண்டும். அது நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் கோடுகள்) நீலப் பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம். அந்த வேகத்தையும் சுற்றும் காலத்தையும் வைத்து, கண்ணுக்குத் தெரியாத துணை குறைந்தது எவ்வளவு கனம் என்று கணக்கிடலாம். வானத்தில் விண்மீன் எப்படி ஆடுகிறது என்பதையும் அளந்தால் சுற்றுப்பாதையின் சாய்வு தெரியும், கனம் உறுதியாகும்.

ஐரோப்பாவின் கையா விண்கலம் அந்த ஆட்டத்தை அளந்தது. தரையிலிருந்த தொலைநோக்கிகள் வேகத்தை அளந்தன. 2022இல் கையா பிஎச்1 வெளிப்பட்டது: சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைத் தன்னைச் சுற்றவைக்கும், சூரியனைவிட சுமார் 9.6 மடங்கு கனமான கருந்துளை, 1,560 ஒளியாண்டு தூரத்தில். 2024இல் பிஎச்3, 33 மடங்கு! கையாவின் தரவு யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம். உங்கள் மகள் பிஎச்1க்கு வெளியான வேக அளவுகளை எடுத்துத் தானே கோடு வரைந்திருக்கிறாள்; அந்த 185.6 நாள், விண்மீன் ஒரு சுற்று முடிக்கும் காலம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த ஆர்வத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது, அண்ணே.

வழி இதுதான். அரசுப் பள்ளியில் ஆறாம் படிவம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு), மூன்று தவணை. இயற்பியல், வேதியியல், கணிதம் எடுக்கட்டும். வேதியியலில் அவள் பலவீனம், அதற்கு இப்போதே டியூஷன் வையுங்கள். அப்புறம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல். பிறையில் பாலம் ஏறி 13.5 கிலோமீட்டர் தாண்டினால் இறங்கும் இடம் குளுகோர், வளாகம் அங்கேதான். வீட்டிலிருந்தே போய்வரலாம். கட்டணம் அந்த மூன்றரை லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது. தேவைப்பட்டால் பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் போதும்.

வானியல் ஆய்வாளர் வேலை இங்கே மிகக் குறைவு, அதை மறைக்கமாட்டேன். அவளிடமும் சொன்னேன், தலையாட்டினாள். ஆனால் இரைச்சலுக்குள்ளிருந்து சிறு அசைவைப் பிரித்தெடுப்பது, பைத்தான் என்ற கணினி மொழியில் கணக்கு எழுதுவது, பிழை எவ்வளவு என்று நேர்மையாகச் சொல்வது, இதெல்லாம் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலைகளில் சோதனைப் பிரிவுக்கும் தேவையான திறமை.

வரும் சனிக்கிழமை மகளோடு, எஸ்.பி.எம். முடிவுத்தாளோடு வாருங்கள். ஆறாம் படிவ விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து நிரப்பலாம். மாமாவையும் கூட்டி வாருங்கள், அந்த நோட்டை அவள் அவருக்கு விளக்கட்டும்.